கடல் தள்ளிப்போன துறைமுகங்கள்: கொற்கையிலிருந்து மணப்பாடு வரை

ஐரோப்பா சுற்றுலான்னு சொன்னாலே மத்தியதரைக் கடலோர ஊர்கள் வந்துவிடும். நீஸ், கான், அமல்ஃபி. மலைச்சரிவில் அடுக்கடுக்கா வண்ண வீடுகள், கீழே நீலக்கடல், படகுத்துறை. பணக்காரர்கள் அந்தக் கடலோரத்துக்குப் போய் உட்கார்வது நேற்று வந்த பழக்கம் இல்லை. ரோமானியர் காலத்திலேயே நேப்பிள்ஸ் பக்கத்தில் பாயே என்ற ஊர் இப்படித்தான் இருந்தது. அந்தப் பணக்காரர்கள் கழுத்திலும் காதிலும் போட்டுக்கொண்ட முத்துகளில் ஒரு பங்கு நம்ம ஊர்க் கடலிலிருந்து போனது.

பிளினி ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். காலிகுலா மன்னனின் மனைவியாக இருந்த லோல்லியா பவுலினா ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு முத்தும் மரகதமுமா வந்து நிற்கிறாள். தலை, காது, கழுத்து, விரல் எல்லாம் நகை. மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு வாங்கின ரசீதையும் தயாரா வைத்திருந்தாளாம்! அவள் முத்துகள் பாரசீக வளைகுடாவிலிருந்து போனதா, மன்னார் வளைகுடாவிலிருந்து போனதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் அதே முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடல் பயண நூல்' பாண்டிய நாட்டுக் 'கொல்கி'யில் முத்துக்குளிப்பு நடப்பதைச் சொல்கிறது. தண்டனை பெற்ற கைதிகளைத்தான் கடலில் இறக்கினார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்தக் கொல்கிதான் நம்ம கொற்கை.

இப்ப நீங்க தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் தெற்கே போய், ஏரல் பக்கம் திரும்பி, கொற்கைக்குப் போனா முதல்ல தேடுறது கடலைத்தான். அது அங்கே இல்லை. வயலும் வாழையும் குளமும் ஒரு பழைய வன்னி மரமும்தான் இருக்கு. கடல் கிழக்கே 6, 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இந்தக் கரையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கரை கிழக்கே நகர்ந்தது. கரை நகர்ந்தால் துறைமுகமும் நகர்ந்தாகணும். கொற்கை தூர்ந்ததும் வணிகம் காயலுக்குப் போனது. காயலும் தூர்ந்தது, அதுதான் இன்றைய பழையகாயல். பிறகு ஆற்றின் இப்போதைய வாய்க்கே போய் புன்னைக்காயல். கால்டுவெல் 1870களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தது இந்த வரிசையை நிறுவத்தான். தமிழகத் தொல்லியல் துறை 1968-69ல் கொற்கையில் தோண்டியபோது கிடைத்த மரக்கரி மாதிரிக்கு கி.மு. 785 என்று காலக்கணிப்பு வந்தது. அதனால் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கிப் போற வரிசையில் இந்த ஊர்களைப் பாருங்க. வரைபடத்தில் மேற்கிலிருந்து கிழக்கே போறது, காலத்தில் முன்னிலிருந்து பின்னுக்கு வர்றது.

மத்தியதரைக் கடலிலும் இதே கதை உண்டு. பிரான்சின் தெற்கே ஏக்மோர்த் என்ற கோட்டை ஊர். 1248ல் ஒன்பதாம் லூயி மன்னன் சிலுவைப் போருக்குக் கப்பலேறின துறை. இன்றைக்கு அதுவும் கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. ஆனால் அங்கே மதில் சுவர் கல்லால் கட்டினது, முழுசா நிற்குது, டிக்கெட் வாங்கிட்டு ஏறிப் பார்க்கலாம். கொற்கையில் மண்ணுக்கு மேலே அப்படி எதுவும் இல்லை. கையில் வரலாறு இல்லாமப் போனா பத்து நிமிஷத்தில் திரும்பிடுவீங்க.

பழையகாயலில் நிற்கும்போது மார்க்கோ போலோவை நினைத்துக்கொள்ளலாம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் பார்த்த காயல், ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற பெரிய துறைமுகம். முத்துக்குளிப்பு பற்றி அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது சுறாவைக் கட்டும் மந்திரக்காரர்கள். மந்திரத்தால் பகலில் சுறாவின் வாயைக் கட்டிவைப்பார்கள், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். கிடைத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறா கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. இரவில் ஏன் அவிழ்க்கணும்? திருட்டுத்தனமா யாரும் இறங்கக் கூடாதே! நல்ல காவல் ஏற்பாடு.

அடுத்து புன்னைக்காயல். ஆத்தூரிலிருந்து பிரிகிற சாலை, வழியெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு மீனவ ஊர். பார்க்கப் பெரிய கட்டடம் ஒன்றும் கிடையாது. ஆனால் தமிழ் அச்சு வரலாற்றில் இந்த ஊருக்கு ஒரு இடம் உண்டு. 1530களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவினார்கள், 1542ல் சேவியர் வந்தார், அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அடிகளார் இங்கேயே தங்கித் தமிழ் படித்தார். 1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 1586ல் அவருடைய 'அடியார் வரலாறு' அச்சானது புன்னைக்காயலில்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படிப் பார்த்தால், இன்றைய தமிழ்நாட்டு மண்ணில் முதல் அச்சு வேலை நடந்தது சென்னையிலோ தரங்கம்பாடியிலோ இல்லை, வலை காயப்போட்டிருக்கும் இந்த மணலில்.

பக்கத்தில் காயல்பட்டினம். பெயரில் காயல் இருந்தாலும் இது வேற ஊர், முஸ்லிம் கடல்வணிகர்களின் ஊர். பழைய பள்ளிவாசல்களின் கல் தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். தச்சர்கள் ஒரே ஆட்கள் என்றால் தூண் மட்டும் எப்படி மாறும்? அரபுத்தமிழில் எழுதிப் படித்த மரபும் இங்கே வலுவா இருந்தது. வீடுகளுக்கு நடுவே ஓடும் சந்துகள் பெண்கள் புழங்குவதற்கானவை, அங்கே கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க.

இவ்வளவு ஊரும் முத்தால் வாழ்ந்ததாச் சொல்கிறோம். முத்து எந்த ஊரிலும் கிடையாது, அது கரைக்கு அப்பால் பல மைல் தூரத்தில், கடலடியில் 'பார்' என்று சொல்லும் திட்டுகளில் இருந்தது. ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. 12 முதல் 20 மீட்டர் ஆழம். காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிடம் போல மூச்சடக்கி, கைக்குக் கிடைத்த சிப்பியை வலைப்பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைக்கணும், மேலே இருப்பவர் இழுப்பார். மேலே கயிறு பிடிப்பது மச்சானாகத்தான் இருக்கணும் என்று இங்கே சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கே.

முத்துக்குளிப்புக் காலத்துக்கு சலாபம் என்று பெயர். அது வருஷா வருஷம் வராது. பாரில் சிப்பி விளைந்திருக்கா என்று பார்த்துத்தான் அரசு அறிவிக்கும். சில சமயம் பத்து இருபது வருஷம் இடைவெளி விழும். அறிவித்ததும் வெறும் மணலில் ஓலைக்குடிசைகளால் ஒரு நகரம் முளைக்கும். குளிப்பவர், வியாபாரி, வட்டிக்காரர், போலீஸ், மருத்துவர் எல்லாரும் வருவார்கள். சிப்பியை ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள், உள்ளே முத்து இருக்கா என்று தெரியாமலே வாங்கணும். பிரிட்டிஷார் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு, மிச்சம் அரசுக்கு. வாங்கின சிப்பியை வெயிலில் அழுகவிட்டு, ஈ மொய்க்க மொய்க்கக் கழுவித்தான் முத்தைப் பொறுக்கினார்கள். ரோமாபுரி விருந்தில் மின்னினது இந்த நாற்றத்திலிருந்து போனது. சில வாரத்தில் சலாபம் முடிந்ததும் குடிசை நகரம் மறைந்துபோகும். எதிர்க்கரையில் மன்னார்ப் பக்கம் சிலாவத்துறை என்ற ஊர்ப்பெயரில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நீஸிலும் கானிலும் பணம் வெளியே இருந்து வந்து கரையில் மாளிகையா நின்றது. இங்கே பணம் கரையைத் தொட்டுவிட்டு வெளியே போனது. போர்ச்சுகீசியரும், 1658லிருந்து டச்சுக்காரரும், பிறகு ஆங்கிலேயரும் மாறி மாறி இந்தச் சலாபத்துக்காகத்தான் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். போர்ச்சுகீசியர் இந்தக் கரைக்கே 'பெஸ்காரியா', அதாவது முத்துக்குளித்துறை என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கட்டின மாளிகை என்று சுற்றிக்காட்ட இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கோயில்கள்தான் நிற்கின்றன. 1713ல் எழுந்த பனிமய மாதா பேராலயம் அதில் முதலாவது. ஜூலை 26ல் கொடியேறி ஆகஸ்ட் 5ல் முடியும் திருவிழாவுக்குப் போனால் ஊர் முழுசையும் பார்த்துடலாம்.

தூத்துக்குடிக் கடற்கரை அழகான கடற்கரை இல்லை, அதைச் சொல்லிடணும். உப்பளம், அனல்மின் நிலையம், கண்டெய்னர் லாரி. கடல் ஆழம் குறைவு என்பதால் கப்பல்கள் பல மைல் வெளியே நிற்க, தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. 1974ல் வந்த புதிய துறைமுகத்துக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்ட வேண்டியிருந்தது. கொற்கையில் ஆறு செய்ததை இங்கே மனுஷனே கல்லைப் போட்டுச் செய்தான். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்த மக்ரூனை வாங்கிக்கொண்டு தெற்கே கிளம்பிடுங்க.

கண்ணுக்கு அழகு வேணும் என்றால் திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு. கடலுக்குள் நீளும் மணல் குன்று, அதன் மேலே 1581ஆம் ஆண்டைச் சேர்ந்த திருச்சிலுவை ஆலயம், கீழே சேவியர் தங்கியதாச் சொல்லும் குகை, கொழும்பு வணிகத்தில் சம்பாதித்தவர்கள் கட்டின பெரிய வீடுகள். அதில் பலது பூட்டிக் கிடக்கு. இந்தக் கரை முழுக்க மத்தியதரைக் கடல் படத்தோடு ஒப்பிடக்கூடிய ஒரே இடம் இதுதான் என்று எனக்குத் தோணுது.

கடைசிச் சலாபம் நடந்தது 1961ல். அதுக்கப்புறம் பார்களில் ஒரு சலாபத்துக்குத் தேவையான சிப்பி விளையவே இல்லை. அளவுக்கு மீறி அள்ளியது, மணல் மூடியது, கடலடியின் நிலை கெட்டது என்று பல காரணம் சொல்கிறார்கள். சுண்ணாம்புக்காகத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையையும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். வான் தீவின் பெரும்பகுதி கரைந்துபோய், இப்போது செயற்கைப் பாறைகளை இறக்கி மிச்சத்தைக் காப்பாற்றுகிறார்கள். 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி இங்கேதான் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தார். அதை நம்பி இந்தக் கரையில் பெரிய தொழில் ஒன்றும் வளரவில்லை.

குளிக்கிறவர்கள் இன்னமும் இருக்காங்க. காலில் கல்லுக்குப் பதிலா படகில் கம்ப்ரசர், வாயில் காற்றுக்குழாய். எடுக்கிறது சங்கு. வங்காளத்துக்குப் போய் அறுபட்டுக் கல்யாணப் பெண்களின் கையில் வளையலாகுது.