செஸ் இறுதிக்கட்டம்: சிப்பாயின் வெற்றியைத் தீர்மானிக்கும் ராஜாவின் இடம்

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி நடைபெற்ற உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது மற்றும் கடைசிச் சுற்று ஆட்டம் டிராவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 55-ஆவது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரென் யானைகளைப் பரிமாறிக்கொள்ள முன்வந்தார். 58-ஆவது நகர்த்தலின் முடிவில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். இந்தியாவின் டி.குகேஷ் 7.5-6.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்று, 18 வயதில் உலக சாம்பியனானார்.

ஒரு சிப்பாய் குறைவாக இருந்தபோதிலும், யானையும் பிஷப்பும் இருந்தவரை டிங்கால் தற்காத்துக்கொள்ள முடிந்தது. யானைகளைத் தொடர்ந்து பிஷப்புகளும் வெட்டுப்பட்டதும், பலகையில் எஞ்சியவை இரு ராஜாக்களும் மூன்று சிப்பாய்களும் மட்டுமே. அவற்றில் இரண்டு சிப்பாய்கள் குகேஷுடையவை. அவரது ராஜா பலகையின் மையத்தில், டி5 கட்டத்தில் நின்றது. எஃப்5 கட்டத்தில் நின்றது, அவரது சிப்பாய்களில் ஒன்று.

தடையற்ற சிப்பாய் என்பது என்ன?

தனது வரிசையிலோ, அதன் இருபுற வரிசைகளிலோ எதிரணிச் சிப்பாய் எதுவும் முன்னால் இல்லாத சிப்பாயே தடையற்ற சிப்பாய் எனப்படுகிறது. அது கடைசிக் கட்டத்தை அடைந்தால் ராணியாக மாறும். பிற காய்கள் இல்லாத நிலையில், அதைத் தடுக்கக்கூடியது எதிரணி ராஜா மட்டுமே.

தனித்து ஓடும் சிப்பாயை ராஜாவால் பிடிக்க முடியுமா என்பதை அறிய எளிய கணக்கு உண்டு. வெள்ளைச் சிப்பாய் ஏ4 கட்டத்தில் இருந்தால் ஏ4, ஏ8, இ8, இ4 ஆகியவற்றை மூலைகளாகக் கொண்டு ஒரு சதுரத்தைக் கற்பனை செய்ய வேண்டும். தனது முறையில் கருப்பு ராஜா அச்சதுரத்துக்குள் நுழைய முடிந்தால் சிப்பாயைப் பிடித்துவிடும். உதாரணமாக, எஃப்4 கட்டத்தில் உள்ள ராஜா தனது முறை வந்தால் பிடித்துவிடும். வெள்ளையின் முறை எனில் தவறவிடும்.

நேருக்கு நேர்

சிப்பாய்க்குத் துணையாக அதன் ராஜாவும் இருந்தால் கணக்கு மாறுகிறது. வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ4, கருப்பு ராஜா இ7 எனக் கொள்வோம். நடுவே ஒரு கட்ட இடைவெளியுடன் ராஜாக்கள் எதிரெதிரே நிற்கின்றன. இப்போது நகர வேண்டியது கருப்பு எனில், அது வழிவிட்டே ஆக வேண்டும், வெள்ளை வெல்லும். நகர வேண்டியது வெள்ளை எனில் ஆட்டம் டிரா. காய்கள் அதே இடத்தில் இருந்தும் முடிவு மாறிவிடுகிறது.

அதே இ4 சிப்பாய்க்கு முன்னால் டி6, இ6, எஃப்6 ஆகிய மூன்றில் ஒன்றை வெள்ளை ராஜா கைப்பற்றிவிட்டால், யாருடைய முறையாயினும் வெற்றி உறுதி. எனவே, சிப்பாயை அவசரமாக முன்னேற்றாமல் ராஜாவை முன்னால் அனுப்புவதே முறையாகக் கருதப்படுகிறது. ஓர வரிசைச் சிப்பாய்க்கு இது பொருந்தாது. எதிரணி ராஜா மூலையை அடைந்துவிட்டால் அந்த ஆட்டம் டிராவாகும்.

டிங்கின் ராஜாவுக்கு இரு கடமைகள் இருந்தன. எஃப் வரிசைச் சிப்பாயைத் தடுக்க வேண்டும். தனது ஒரே சிப்பாயையும் காக்க வேண்டும். குகேஷின் ராஜா முன்னேறும்போது இரண்டையும் ஒருசேரச் செய்ய இயலாது. அதை உணர்ந்தே, மேலும் விளையாடாமல் டிங் ஆட்டத்தைக் கைவிட்டார். யானைகளைப் பரிமாற முன்வந்த அந்த ஒரு நகர்த்தல், உலகப் பட்டத்தையே இடம் மாற்றியது.