படத்தை வரைந்தவர் யார்? ஜப்பானியப் பட அட்டைகளைத் தொகுக்கும் முறை

பொருள்களைத் தேடிச் சேர்ப்பது சிறுவர்க்கு இயல்பாய் அமைந்த விருப்பம். தீப்பெட்டிப் படங்களும் அஞ்சல்தலைகளும் பழைய நாணயங்களும் முன்னைத் தலைமுறையினரின் கைகளில் இருந்தன. இன்றோ மாணவர் பலருடைய புத்தகப் பையில் ஜப்பான் நாட்டுப் பட அட்டைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டு பெற்றோர் கவலை கொள்கின்றனர். காசைக் கரியாக்கும் வேலை என்று கடிந்து கொள்வோரும் உளர். அக்கவலை காரணமற்றதன்று. ஆயினும், அட்டைகளைத் தூக்கி எறிவதற்கு முன், அவை எங்கிருந்து வந்தன, எவ்வாறு தொகுத்தால் சிறுவரின் கண்ணும் கருத்தும் வளரும், எவ்வாறு தொகுத்தால் வீட்டுப் பணம் மட்டும் கரையும் என்பனவற்றை நாம் சிறிது ஆராய்ந்து பார்த்தல் நலம்.

அட்டை பிறந்த கதை

ஜப்பானியருக்கும் சீட்டுகளுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. 16-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிற்கு வந்த போர்த்துகீசியர் சீட்டாட்டத்தையும் உடன் கொணர்ந்தனர். அவர்களது 'கார்ட்டா' என்னும் சொல்லே ஜப்பானிய மொழியில் 'கருட்டா' என நிலைபெற்றது. பின்னர் ஜப்பானியர் தமக்கே உரிய 'ஹனஃபுடா' என்னும் மலர்ச்சீட்டுகளைப் படைத்துக் கொண்டனர். அவை மொத்தம் 48. ஆண்டின் 12 மாதங்களுக்கும் மாதத்திற்கு நான்காக அவை பகுக்கப்பட்டுள்ளன. சனவரிக்குப் பைன் மரம், பிப்ரவரிக்குப் பிளம் மலர், மார்ச்சுக்குச் செர்ரி மலர் என ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு செடி அல்லது மலர் உண்டு. 1889-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமவுச்சி என்பார் இம்மலர்ச்சீட்டுகளைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். அத்தொழிலகமே இன்று உலகறிந்த நிண்டெண்டோ நிறுவனம்.

அந்நிறுவனம் பின்னாளில் கைக்கு அடக்கமான மின்னியல் விளையாட்டுக் கருவிகளைச் செய்தது. அக்கருவிக்காக 1996 பிப்ரவரியில் வெளிவந்த விளையாட்டே 'போக்கிமோன்'. அதனைப் படைத்த சத்தோஷி தஜிரி, இளமையில் வண்டுகளையும் பூச்சிகளையும் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தவர். அவ்விருப்பமே, கற்பனை உயிர்களைத் தேடிப் பிடித்து நண்பருடன் மாற்றிக்கொள்ளும் விளையாட்டாக உருவெடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவ்வுயிர்களைக் கொண்ட பட அட்டைகள் ஜப்பானில் வெளியிடப்பட்டன. முதல் தொகுதியில் 102 அட்டைகள் இருந்தன. இருவர் எதிரெதிர் அமர்ந்து ஆடுவதற்கென்று அவை செய்யப்பட்டன. ஆயினும், படங்களின் அழகினால் ஆடாதவரும் அவற்றைச் சேர்க்கத் தொடங்கினர்.

அட்டையில் காணத்தக்கவை

ஓர் அட்டையின் அகலம் 63 மில்லிமீட்டர்; உயரம் 88 மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பரப்பில் உயிரின் பெயர், அதன் ஆற்றலைக் குறிக்கும் எண், ஆட்ட விதிகள், படம் ஆகிய யாவும் உள. பழைய அட்டைகளில் ஒரு சிறு குறியும் உண்டு. வட்டம் எளிதில் கிடைப்பதையும், சாய்சதுரம் சற்று அரிதானதையும், விண்மீன் அரிதானதையும் உணர்த்தும். இக்காலத்து ஜப்பானிய அட்டைகளில் இதற்கென ஆங்கில எழுத்துகள் இடப்படுகின்றன.

பெரும்பாலோர் இக்குறியை மட்டுமே பார்க்கின்றனர். ஆனால், அட்டையின் அடிப்பகுதியில் மிகச் சிறிய எழுத்தில் மற்றொன்றும் அச்சாகியிருக்கிறது. அஃது ஓவியரின் பெயர். ஜப்பானியருக்காகவே அச்சிடப்பட்ட அட்டைகளிலும் அப்பெயர் ஆங்கில எழுத்துகளில் அமைந்திருப்பது நமக்கு ஒரு நற்பேறு. அட்டையின் ஏனைய வரிகளைப் படிக்க இயலாத நம் மாணவரும் படத்தை வரைந்தவரின் பெயரைப் படித்தறியலாம்.

மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. ஜப்பானில் முதன்முதல் வெளிவந்த அட்டைகளில், தொகுதியில் இஃது எத்தனையாவது என்னும் வரிசை எண் இல்லை. அவ்வுயிருக்கு உரிய எண் மட்டுமே இருந்தது. ஆகவே, அட்டைகளை எம்முறையில் அடுக்குவது என்பதைச் சேர்ப்பவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவ்வாறு அடுக்கும் முறைகளுள் சிறந்த ஒன்று ஓவியர்வாரியாக அடுக்குவதாகும்.

பல கைகள், பல வழிகள்

இவ்வட்டைகளை வரைந்தோர் ஒருவரல்லர், பலர். அவர்களது கைவண்ணமும் ஒன்றுபோல் இராது.

மிட்சுஹிரோ அரிட்டா என்பார் 1996-ஆம் ஆண்டின் முதல் தொகுதியிலேயே பல படங்களை வரைந்தவர். மஞ்சள் நிறப் பிக்காச்சுவும், தீ உமிழும் சாரிசார்டும் அத்தொகுதியில் அவர் வரைந்தவையே. ஒளி எப்பக்கத்திலிருந்து விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்பதை அவர் படங்களில் உற்று நோக்கலாம். பிக்காச்சுவின் உருவத்தை முதலில் அமைத்தவராகிய அட்சுகோ நிஷிடாவின் கோடுகளோ மென்மையானவை. தொமொகாசு கொமியா உருவங்களை வளைத்தும் நீட்டியும், சிறு குழந்தை துணிந்து வரைந்தாற்போல வரைவார். முதற்பார்வையில் நகைப்பை விளைவிக்கும் அப்படங்கள், பலமுறை பார்க்கும்போது மனத்தை விட்டு அகலா. கெய்ஜி கினெபுச்சி கணினியின் துணைகொண்டு படங்களை ஆக்கினார். தொடக்கக் காலத்து ஆற்றல் அட்டைகளில் அவர் பெயரைக் காணலாம்.

யுகா மோரி என்னும் பெண்மணி தூரிகையால் வரைவதில்லை. களிமண்ணால் சிறு உருவங்களைச் செய்து, அவற்றிற்கு ஏற்ற சூழலில் வைத்து, ஒளிப்படம் எடுக்கிறார். அப்படமே அட்டையில் அச்சாகிறது. அசாகோ இத்தோ என்பாரோ நூலால் பின்னிய பொம்மைகளைச் செய்து அவ்வாறே படம் எடுக்கிறார். மண் பிசைவதும் நூல் பின்னுவதும் ஓவியர் பணியோடு ஒப்பத் தக்க கலைகளே என்பதை இவ்வட்டைகள் சொல்லாமற் சொல்கின்றன. சில அட்டைகளில் தனி மனிதரின் பெயருக்கு மாறாக ஒரு வரைகலை நிறுவனத்தின் பெயர் இருப்பதும் உண்டு.

தொகுப்பது எவ்வாறு?

சேர்ப்பது வேறு, தொகுப்பது வேறு. கிடைத்ததையெல்லாம் பெட்டியில் இடுவது சேர்த்தல். ஒரு கருத்தை மனத்திற் கொண்டு, அதற்குப் பொருந்துவனவற்றை எடுத்து, பொருந்தாதனவற்றை விலக்கி, வரிசைப்படுத்துவது தொகுத்தல். ஜப்பானிய ஓவிய மரபிலேயே இதற்குச் சான்று உண்டு. ஹொக்குசாய் என்னும் பெரும் ஓவியர் 1830-ஆம் ஆண்டையொட்டி ஃபுஜி மலையை வெவ்வேறு இடங்களிலிருந்து கண்டவாறு வரைந்து, மரக்கட்டை அச்சுப் படங்களாக வெளியிட்டார். 'முப்பத்தாறு காட்சிகள்' எனப் பெயர் பெற்ற அவ்வரிசை, பின்னர்ப் பத்துப் படங்கள் கூட்டப்பட்டு 46 ஆயிற்று. ஓவியர் ஒருவர், பொருள் ஒன்று, காட்சிகளோ பல. இதுவே நாம் பின்பற்றத்தக்க வழி.

அட்டைகளை வைக்கும் ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் பெரும்பாலும் ஒன்பது பைகள் இருக்கும். ஒரு பக்கத்தை ஒரு தொகுப்பு என்று கொள்வோம். ஒன்பதுக்கு மேல் இடமில்லையாதலால், எதனை விடுவது என்று எண்ணியே தீர வேண்டும். அவ்வெண்ணமே சுவையறியும் ஆற்றலை வளர்க்கும்.

முதலாவது, கையிலுள்ள அட்டைகளை எல்லாம் பரப்பி, ஓவியரின் பெயரைப் படித்துப் பிரித்தல் வேண்டும். இரண்டாவது, மனத்தைக் கவர்ந்த ஓவியர் ஒருவரைத் தேர்ந்து, அவர் வரைந்தவற்றை ஆண்டு முறைப்படி அடுக்க வேண்டும். அவ்வாறு அடுக்கினால் அவரது கை காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்பது புலனாகும். மூன்றாவது, அவற்றுள் ஒரு பொருளைக் கண்டறிய வேண்டும். மழைக் காட்சிகள், உறங்கும் உயிர்கள், இரவு வானம், நீர்நிலைகள் என அஃது எதுவாகவும் இருக்கலாம். நான்காவது, ஒவ்வொரு படத்தையும் ஏன் தேர்ந்தோம் என்று ஒரு வாக்கியம் எழுதி வைக்க வேண்டும். காரணம் எழுத இயலாத அட்டை அப்பக்கத்தில் இருக்கத் தக்கதன்று.

ஒரே உயிரைப் பல ஓவியர் வரைந்தவாறு தொகுப்பதும் இன்பம் பயக்கும். எடுத்துக்காட்டாக, ஜப்பானில் 'கோய்கிங்' எனவும் ஆங்கிலப் பதிப்பில் 'மேஜிகார்ப்' எனவும் வழங்கும் கெண்டை மீனைக் கொள்வோம். விளையாட்டில் அது மிக வலிமையற்ற உயிர்; ஆனால், வளர்ந்தபின் 'கியாராடோஸ்' என்னும் பேருருவாக மாறும். அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை டிராகனாகும் என்னும் சீனப் பழங்கதை ஜப்பானிலும் பரவியிருக்கிறது. முதல் தொகுதியில் இவ்விரண்டையும் அரிட்டாவே வரைந்தார். அதே மீனை 2023-ஆம் ஆண்டில் ஷின்ஜி காண்டா என்பார் சுழலும் நீர்க்கோடுகளுக்கு இடையே பொங்கி எழுவதாக வரைந்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், ஒரே பொருளை இரு மனங்கள் காணும் வேற்றுமையை உணர்வர்.

விலையும் மதிப்பும்

இனிப் பெற்றோரின் கவலைக்கு வருவோம். இவ்வட்டைகள் மூடிய உறைகளில் விற்கப்படுகின்றன. இன்று ஜப்பானில் விற்கும் உறை ஒன்றில் பொதுவாக ஐந்து அட்டைகள் இருக்கும். உள்ளே இருப்பது எது என்பதைப் பிரிப்பதற்கு முன் அறிய இயலாது. அரிய அட்டை அடுத்த உறையில் இருக்கும், அடுத்த உறையில் இருக்கும் என்று எண்ணி வாங்கிக் கொண்டே போவது குலுக்குச்சீட்டு வாங்குவதை ஒக்கும். உழைத்துப் பெற்ற கூலி இவ்வழியில் கரைவதை எந்தத் தாய்தந்தையரும் பொறார்.

ஓவியர்வாரியாகத் தொகுப்பவருக்கு இத்துன்பம் இல்லை. தமக்கு வேண்டிய படம் எது என்பதை அவர் முன்னரே அறிவார். ஆதலால், தனி அட்டையாகத் தேடி வாங்குவார். அல்லது நண்பரிடம் மாற்றிக் கொள்வார். மேலும், களிமண் உருவங்களும் நூற்பொம்மைகளும் எளிதில் கிடைக்கும் வட்டக் குறி அட்டைகளிலும் உள. பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய குவியலிலிருந்தே ஓர் அழகிய பக்கத்தை அமைத்துவிடலாம். பணம் மிகுந்தவரின் பெட்டியைவிட, கண் கூர்மையானவரின் ஒரு பக்கம் சிறந்து விளங்குதல் கூடும்.

இதற்கு ஒரு சான்று கூறுவோம். 'கொரொகொரொ கொமிக்' என்னும் ஜப்பானியச் சிறுவர் இதழ் 1997, 1998-ஆம் ஆண்டுகளில் ஓவியப் போட்டிகளை நடத்தியது. வென்றோருக்கு, நிஷிடா வரைந்த சிறப்பு அட்டை ஒன்று பரிசாக வழங்கப்பட்டது. அதில் பிக்காச்சு வரைகோல்களைக் கையில் ஏந்தி நிற்கிறது. அட்டையின் தலைப்பில் 'ஓவியர்' என்னும் பொருள்படும் சொல் அச்சாகியிருக்கிறது. நாற்பதையொட்டிய எண்ணிக்கையிலேயே அப்பரிசு அட்டைகள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 2021-ஆம் ஆண்டில் 50 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேற்பட்ட விலைக்குக் கைமாறியது. வியப்புக்குரிய விலைதான். ஆனால், அதனை முதலில் பெற்றோர் விலை கொடுத்துப் பெறவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் தாளையும் வண்ணத்தையும் எடுத்து, வரைந்து பெற்றனர்.

அட்டைகளை மாற்றிக் கொள்ளும்போது நேர்மை வேண்டும். விவரம் அறியாத இளைய மாணவரிடம் நல்ல அட்டையை வாங்கிக்கொண்டு, பயனற்ற ஒன்றைத் தள்ளிவிடுவது திருட்டுக்கு ஒப்பாகும். சந்தையில் போலி அட்டைகளும் உலவுகின்றன. மங்கிய அச்சும், எழுத்துப் பிழையும், மெலிந்த தாளும் அவற்றின் அடையாளங்கள். ஓவியர் பெயரைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அவை எளிதில் அகப்படும்.

பாதுகாக்கும் முறை

நம் நாட்டின் காற்று ஈரம் மிக்கது. தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும். மினுமினுக்கும் அட்டைகளில் ஒட்டப்பட்ட உலோகப் படலமோ விரியாது. ஆகவே அவ்வட்டைகள் வளைந்துவிடுகின்றன. ஒவ்வோர் அட்டையையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு, ஆல்பத்தில் வைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்தல் நன்று. வெயில் படும் சன்னலோரம் ஆகாது, நிறம் வெளுத்துவிடும். ரப்பர் வளையத்தால் கட்டவும் கூடாது, ஓரங்கள் வெட்டுப்படும். கையைக் கழுவித் துடைத்த பின்னரே அட்டையைத் தொடுதல் வேண்டும்.

பெயரைப் படிப்போம்

இவ்வுலகில் உழைப்போர் பலருடைய பெயர் அவர்கள் ஆக்கிய பொருளில் இருப்பதில்லை. ரப்பர் காலணியை அணிவோர், விடியற்காலையில் மரம் சீவிப் பால் எடுத்தவரின் பெயரை அறியார். சமையலுக்கு எண்ணெய் ஊற்றுவோர், செம்பனைக் குலையை வெட்டிச் சாய்த்தவரின் பெயரை அறியார். நம் பெற்றோர் பலருக்கு இவ்வுண்மை எடுத்துச் சொல்லாமலே விளங்கும். இவ்வட்டைகளிலோ உழைத்தவரின் பெயர் சிறிதாகவேனும் அச்சிடப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டிருக்கும் பெயரையும் படியாது விடுவது முறையாகுமோ?

எனவே, மாணவச் செல்வங்களே, அடுத்த முறை ஓர் அட்டை உங்கள் கைக்கு வரும்போது, 'இதன் விலை என்ன?' என்று கேட்பதற்கு முன், 'இதனை வரைந்தவர் யார்?' என்று கேளுங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, அவன் அல்லது அவள் தொகுத்த ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லி, காரணங்களைக் கேட்டு மகிழுங்கள். அவ்வாறு கேட்கும் வீட்டில், சில சென் மதிப்புள்ள அட்டையும் கல்விக்குத் துணையாகும்.