டச்சப் எங்கே நிக்கணும்?

போன எபிசோடுல லைட்டிங் பத்திப் பேசினோம். இன்னைக்கு, போட்டோ எடுத்ததுக்கு அப்புறம் நடக்கிற வேலை.

டச்சப் ஒண்ணும் புதுசு இல்லைங்க. போட்டோஷாப் வந்ததே 1990-லதான். அதுக்கு ரொம்ப முன்னாடியே ஸ்டூடியோக்கள்ல நெகட்டிவ் மேல பென்சிலால தீட்டி, முகச் சுருக்கத்தை மறைச்சாங்க.

அப்போ எல்லை எது? போர்ட்ரெய்ட் எடுக்கிற பலர் வச்சிருக்கிற கணக்கு சிம்பிள். ரெண்டு வாரத்துல தானா மறையுற பரு, கீறலை எடுத்துடலாம். மச்சம், தழும்பை அவங்களைக் கேக்காம தொடக்கூடாது.

நிறமும் அப்படித்தான். டியூப்லைட்டால முகத்துல ஏறின பச்சையை எடுத்தா, அது திருத்தம். மாநிறத்தைக் கேக்காமலே வெளுப்பாக்கினா, ‘உன் நிறம் ஒரு குறை’ன்னு சொல்றதுதான்.

அடுத்த தடவை போட்டோ எடுக்கப் போறப்போ முன்கூட்டியே சொல்லிடுங்க: “அண்ணா, பருவை எடுத்துடுங்க, கலரை மாத்தாதீங்க.”