எலக்ட்ரானின் இரு பயணங்கள்

எலக்ட்ரானை உடைக்க முடியாது. எவ்வளவு வேகமாக மோதவிட்டாலும் அது இதுவரை துண்டானதில்லை. மின்னூட்டமும் தற்சுழற்சியும் அதன் பிறவிக் குணங்கள். ஆனால் ஒரே வரிசையில் நெருக்கியடித்து நிற்கும் எலக்ட்ரான்களிடையே இவ்விரண்டும் தனித்தனியே புறப்பட்டுவிடுகின்றன.

சாதாரணச் செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் விலகிப்போக இடம் உண்டு. ஒற்றை வரிசையிலோ, வயல் வரப்பில் எதிரெதிரே வந்தவர்களைப் போல ஒன்றை ஒன்று தாண்ட வழியில்லை. ஒன்று அசைந்தால் வரிசை முழுதும் அசையும். தனித் துகளுக்குப் பதில் கூட்டு அலைகளே மிஞ்சும். ஜப்பானின் டொமோனாகா 1950-லும் அமெரிக்காவின் லட்டிஞ்சர் 1963-லும் இதற்கான கணிதத்தை வகுத்தனர். 1981-ல் இயற்பியலாளர் ஹால்டேன் இந்த நிலைக்கு 'லட்டிஞ்சர் திரவம்' என்று பெயரிட்டார்.

மின்னூட்டமும் தற்சுழற்சியும் பிரிவதைக் கண்கூடாகக் காட்டியது ஸ்ட்ரான்சியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த ஒரு படிகம். அதற்குள் செம்பும் ஆக்சிஜனும் சங்கிலிகளாக ஓடுகின்றன. அடுத்தடுத்த செம்பு அணுக்களில் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி மேல், கீழ், மேல், கீழ் என மாறிமாறி நிற்கும்.

புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, 'கீழ்' எலக்ட்ரான் ஒன்றை வெளியேற்றுவதாகக் கொள்வோம். அந்தக் காலியிடத்தின் இருபுறமும் 'மேல்'. வலப்பக்கத்து எலக்ட்ரான் அதற்குள் தாவினால், காலியிடம் வலப்புறம் நகர்கிறது. பழைய இடத்தில் இரண்டு 'மேல்'கள் ஒட்டி நிற்கின்றன. மின்னூட்டத்தைச் சுமக்கும் காலியிடம் ஹோலான். பின்தங்கிய தற்சுழற்சிப் பிசகு ஸ்பினான். இனி இரண்டுக்கும் வேறுவேறு வேகம்.

வெளியேறும் எலக்ட்ரானின் ஆற்றலையும் திசையையும் அளந்தால் கிடைப்பது நிறமாலை. சாதாரண உலோகத்தில் ஒவ்வோர் உந்தத்துக்கும் கூர்மையான ஒரு முகடு தெரியும். இந்தச் சங்கிலியிலோ நிறமாலை அகலமாக விரிந்து கிடக்கிறது. அந்த விரிவுக்குள் ஹோலானுக்கு ஒன்று, ஸ்பினானுக்கு ஒன்று என இரண்டு கிளைகள் பிரிந்திருப்பதை 2006-ல் ஆய்வாளர்கள் தெளிவாகப் பதிவுசெய்தனர். 2009-ல் கேம்பிரிட்ஜ், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு, குறைகடத்தியில் உருவாக்கிய மெல்லிய கம்பிகளைக் கடுங்குளிரில் வைத்து இதே பிரிவினையைக் கண்டது.

2012-ல் இதைப் போன்ற இன்னொரு செம்பு ஆக்சைடுச் சங்கிலியில், எலக்ட்ரானின் சுற்றுப்பாதைக் குணமும் 'ஆர்பிடான்' என்று தனியே நகர்வது தெரிந்தது.

உயர்வெப்ப மீக்கடத்திகள் பலவும் செம்பு ஆக்சைடுகளே. ஆனால் அங்கே எலக்ட்ரான்கள் தளமாகப் பரந்து நிற்கின்றன. சங்கிலியில் நடக்கும் இந்தப் பிரிவினை தளத்திலும் நடக்கிறதா என்று இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1987-ல் கிளப்பிய விவாதம் இன்னும் முடியவில்லை.