டிராய் நகரும் விண்கப்பலும்

கிரேக்க தேசத்துப் பழைய கோயில்கள் இடிந்து கிடக்கின்றன. ஆயினும் 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவில் பலர் அப்பொல்லோவின் குலமுறையையும் ஆர்பியஸின் சரித்திரத்தையும் தேடியெடுத்து மும்முரமாக விவாதித்துக் கொண்டிருந்தார்கள். பக்தியினாலன்று. 'பாட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்னும் டெலிவிஷன் தொடர்கதை எப்படி முடியும் என்பதைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்ற ஆவலினால்தான்.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு கிரகங்களில் மக்கள் வாழ்கிறார்கள். அவற்றின் பெயர்கள் பன்னிரண்டு ராசிகளிலிருந்து பிறந்தவை: மகரத்திலிருந்து காப்ரிகா, மிதுனத்திலிருந்து ஜெமினன், ரிஷபத்திலிருந்து டாரன், இப்படி. ஊழியம் செய்வதற்கென்று மனிதர் படைத்த 'சைலன்' என்னும் யந்திரங்கள் ஒருநாள் எஜமானர்களை எதிர்த்து எழுகின்றன. அந்தப் போர் ஓய்ந்து நாற்பது வருஷங்களுக்குப் பின் அவை திரும்பி வந்து, பன்னிரண்டு உலகங்களையும் அணுகுண்டுகளால் நாசமாக்கிவிடுகின்றன. தப்பியவர் சுமார் 50,000 பேர். 'கலாக்டிகா' என்ற கிழட்டுப் போர்க்கப்பலின் காவலில், பழைய சாஸ்திரங்களில் மட்டுமே கேள்விப்பட்டிருந்த பூமியைத் தேடி அவர்கள் வானவெளியில் அலைகிறார்கள்.

1978-ல் இக்கதையை முதலில் சிருஷ்டித்த கிளென் லார்சன், தம் பாத்திரங்களுக்கு அப்பொல்லோ என்றும் அதீனா என்றும் பெயரிட்டார். 2003-ல் அதைப் புதிதாக அமைத்த ரானல்டு மூர், அப்பெயர்களை விண்வீரர்களின் பட்டப்பெயர்களாக மாற்றினார். 2008 ஜூனில் அக்கூட்டம் பூமி என்று நம்பியதை அடைந்தது; அதுவோ அணுகுண்டினால் சுடுகாடாகிக் கிடந்தது! அந்த இடத்தில் கதையை நிறுத்தியவர்கள், மறு பகுதியை 2009 ஜனவரியில்தான் காட்டினார்கள். ஏழு மாதம் ரஸிகர்கள் சும்மா இருப்பார்களா?

அவர்களை மிகவும் மயக்கியவள் காரா திரேஸ் என்னும் விண்வீராங்கனை. 2007-ல் காட்டிய ஒரு பகுதியில் அவள் மாண்டாள். பிறகு ஒன்றும் நடவாதவள்போல் உயிரோடு திரும்பி வந்தாள். திரேஸ் என்பது ஆர்பியஸ் பிறந்த நாடு. அந்தப் பாடகன் மாண்டுபோன தன் மனைவி யூரிடிஸியை மீட்கப் பாதாளத்துக்கே சென்றான். வெளியேறும் வரையில் திரும்பிப் பார்க்கலாகாது என்பது நிபந்தனை. அவன் பார்த்தான், அவள் மறைந்தாள். ஆர்பியஸின் தந்தை அப்பொல்லோவே என்று சொல்வாரும் உண்டு. காராவை நேசிக்கும் லீ அடாமாவின் பட்டப்பெயரோ அப்பொல்லோ! அப்படியானால் இவர்களில் ஆர்பியஸ் யார், யூரிடிஸி யார்? மீண்டு வந்தவள் மறுபடியும் போய்விடுவாளா?

போய்விட்டாள். 2009 மார்ச் 20-ஆம் தேதி வெளியான இறுதிப் பகுதியில், புல்வெளியில் நின்று லீ ஏதோ பேசிக்கொண்டிருக்கிறான்; திரும்புகிறான்; அவள் அங்கே இல்லை. அவள் யார், எப்படி மீண்டு வந்தாள் என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்லவேயில்லை.

ஊகம் பலித்தது என்றாலும், பெயர்ப் பொருத்தம் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை செய்ய வேண்டும். இக்கதையில் அதீனா என்பவளின் குழந்தை ஹீரா. கிரேக்க புராணத்திலோ ஹீரா தேவலோகத்தின் பட்டமகிஷி. அதீனா அவள் கணவனுடைய சிரசிலிருந்து உதித்த கன்னி. பெயரை மட்டும் வைத்து ஜாதகம் கணித்தால் உறவுமுறைகள் எல்லாம் தலைகீழாகிவிடும்.

பெயர்களை விட்டுவிட்டுக் கதையின் போக்கைப் பார்த்தால், ரோமாபுரிக் கவியாகிய விர்ஜில்தான் நினைவுக்கு வருகிறார். டிராய் நகரம் எரிகிறது. ஈனியஸ் தன் கிழத்தந்தையை முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிறான். மிஞ்சியவர்கள் கப்பலேறி, தெய்வவாக்கு குறித்த ஒரு நாட்டைத் தேடிக் கடலில் அலைகிறார்கள். அலைந்து சலித்த பெண்கள் நடுவழியில் தங்கள் கப்பல்களுக்கே தீ வைக்கிறார்கள். கடைசியில் இத்தாலி கிடைக்கிறது; ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. டிராயின் ஜன்ம விரோதியான ஜூனோ தேவி ஜூபிடரிடம் ஒரு வரம் கேட்கிறாள்: இவர்கள் வாழட்டும், ஆனால் டிராய் என்ற பெயரும், அவர்களுடைய பாஷையும், உடையும் ஒழியட்டும் என்கிறாள். ஜூபிடர் புன்னகையோடு இசைகிறார். டிராய் மக்களை ஒருவரும் கேட்கவில்லை.

கலாக்டிகாவின் முடிவும் இதுதான். அவர்கள் இறுதியில் கண்டடைந்தது 1,50,000 வருஷங்களுக்கு முற்பட்ட நம்முடைய பூமி. கப்பல்களைச் சூரியனுக்குள் செலுத்தி அழித்துவிட்டு, பேசவும் அறியாத ஆதிமனிதரோடு கலந்துவிடுகிறார்கள். தாய் வழியில் சைலன் இரத்தமும் தந்தை வழியில் மனித இரத்தமும் கொண்ட அந்தக் குழந்தையே நம் அனைவருக்கும் மூதாய் ஆகிறாள். அவள் பெயர்தான் ஹீரா என்றேனே. ஹீராவுக்கு ரோமர் வழங்கிய பெயர்தான் ஜூனோ! இதை முன்கூட்டியே எத்தனை பேர் கவனித்தார்களோ, அவர்களைப் பாராட்ட வேண்டியதுதான்.

இறுதிப் பகுதியைப் பார்த்துப் பலர் சினந்தார்கள். கடவுளின் பேரில் பாரத்தைப் போட்டு ஆசிரியர் தப்பித்துக்கொண்டார் என்பது அவர்கள் குறை. என் குறை வேறு. தேர்தலுக்கும் நீதிமன்றத்துக்கும் நான்கு வருஷம் ஓயாமல் சண்டையிட்ட ஜனங்கள், மருந்தையும் புஸ்தகத்தையும் தங்கள் சரித்திரத்தையும் எறிந்துவிட எப்படி ஒரே நாளில் ஒருமனப்பட்டார்கள்? எல்லோரும் இவ்வளவு சுலபமாக இணங்கிவிட்டார்களே என்று கதைக்குள்ளேயே ஒருவர் வியக்கிறார். பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாட ஒரு சொல்கூட எஞ்சாது என்று அழுதவள் ஒருத்தியாவது இருந்திருக்க வேண்டாமா? விர்ஜில் அந்தத் துக்கத்தை அறிந்தவர். அதனால்தான் அந்த விலையை ஒரு பகைவியின் வாயால் கேட்கச் செய்தார்.

பாஷை அனைத்தும் அழிந்துபோகும் இக்கதையின் முகப்பு இசையில் ஒலிப்பது காயத்ரி மந்திரம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அப்பாத்திரங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

முடிவு பிடிக்காமற்போவதும் புதிதன்று. கி.மு. 19-ல் விர்ஜில் தம் காவியத்தை முற்றும் திருத்தாமலே இறந்தார். பகைவனாகிய டர்னஸை ஈனியஸ் கொல்வதோடு பன்னிரண்டாம் காண்டம் சட்டென்று நின்றுவிடுகிறது. கலியாணம் இல்லை, பட்டாபிஷேகம் இல்லை. 1428-ல் மாஃபியோ வேஜியோ என்ற இத்தாலிய இளைஞர் இதைப் பொறுக்கமாட்டாமல் பதின்மூன்றாம் காண்டம் ஒன்றைத் தாமே பாடி, ஈனியஸுக்கு லாவினியாவை மணம் முடித்து, அவனை வானுலகத்துக்கும் அனுப்பிவைத்தார். அச்சு யந்திரம் வந்த பின்னர், பல பதிப்புகளில் விர்ஜிலின் காவியத்தோடு அதையும் சேர்த்தே அச்சிட்டார்கள். கலாக்டிகாவின் ரஸிகர்களும் இப்போது தங்கள் பதின்மூன்றாம் காண்டங்களை எழுதி வருகிறார்கள். அவற்றில் சிலவற்றில் லீ திரும்பிப் பார்க்கும்போது காரா அங்கேயே நிற்கிறாள்.