வாடகைப் பூக்களும் வளர்த்த பூக்களும்



மும்பையிலே நம் ஜனங்களில் அநேகர் குடியிருக்கும் வீடுகளின் அளவை நீங்கள் அறிவீர்கள். குடிசைப்பகுதி மறுவாழ்வுத் திட்டத்தின் பழைய அடுக்குமாடிகளில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இடம் 225 சதுர அடி. சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் அதற்குள்ளேதான். இப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறவர்களுக்குப் பூச்செடி வளர்ப்பையும் மண்டப அலங்காரத்தையும் குறித்து எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனாலும் ஒரு தகப்பன் கடனில் விழாதபடி காத்தவை இவ்விரண்டுமே. ஆகையால் எழுதுகிறேன்.

எங்கள் சபையின் ஆண்டு விழா ஒன்றில் மேடை முழுவதையும் வெட்டுப்பூக்களால் அலங்கரித்தோம். அதற்கு அனுமதி கொடுத்தவன் நானே. மறுநாள் காலையில் அந்தப் பூக்களெல்லாம் ஏழு சாக்குகளில் குப்பையாய்க் கிடந்தன. அதைக் கண்டும் நான் ஒன்றும் சிந்திக்கவில்லை. அடுத்த ஆண்டு, அதிகாலையில் எழுந்து இட்லி அவித்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு சகோதரர் தம் மகளின் திருமண ஒழுங்குகளுக்காக என்னிடம் வந்தார். மேடை அலங்காரத்துக்கு மட்டும் 45,000 ரூபாய் கேட்கிறார்களாம். வட்டிக்கு வாங்க ஆயத்தமாயிருந்தார்.

“தம்பி, இது அவசியந்தானா?” என்றேன்.

“பாஸ்டர், சபை ஆண்டு விழாவுக்கே மேடை முழுவதும் பூ வைத்தோமே. என் மகளை வெறும் மேடையில் நிறுத்தினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு அளவுகோலைக் கையில் கொடுத்தவன் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு விதவையின் சன்னல்

இதைக் கேள்வியுற்ற ஒரு சகோதரி, ஆராதனை முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்தார். கணவரை இழந்தவர். நாலு வீடுகளில் வேலை செய்து பிழைக்கிறவர். “பாஸ்டர், என் சன்னலில் பதினோரு பூந்தொட்டி இருக்கிறது. கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரமாய்த் திருப்பிக் கொடுத்தால் போதும்” என்றார். வேலை செய்யும் வீடுகளில் கத்தரித்து எறியப்பட்ட கிளைகளைப் பொறுக்கி வந்து, பழைய பெயின்ட் வாளிகளில் நட்டு வளர்த்தவை அவை.

கலாஞ்சோ, பிகோனியா ஆகியவை வெட்டிய தண்டிலிருந்தே வேர் பிடிக்கும். ஆப்பிரிக்கன் வயலட்டுக்கு ஒரே ஓர் இலையின் காம்பு போதும். பீஸ் லில்லியின் தூரைப் பிரித்து நட்டால் ஒன்று இரண்டாகும். ஆகையால் இந்தப் பொழுதுபோக்குக்குப் பணம் பெரிய தடையல்ல, பொறுமையே முதலீடு.

சன்னலை அறிந்து செடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் உங்கள் சன்னல் எத்திசையை நோக்குகிறது என்று பாருங்கள். காலை வெயில் படும் கிழக்குச் சன்னலில் பிகோனியாவும் கலாஞ்சோவும் நன்றாய்ப் பூக்கும். நேர் வெயில் வராமல் வெளிச்சம் மட்டும் வரும் இடத்துக்குப் பீஸ் லில்லியும் ஆந்தூரியமும் ஏற்றவை. இவ்விரண்டிலும் நாம் பூ என்று எண்ணுகிற வெள்ளை அல்லது சிவப்பு மடல், உண்மையில் நிறம் மாறிய ஓர் இலையே. நடுவில் நிற்கும் திரியில்தான் சிறுபூக்கள் நெருக்கமாய் அமைந்திருக்கின்றன. ஒரு முக்கியமான எச்சரிப்பு: இவற்றின் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

செம்மண், மட்கிய சாண எரு, தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் கலந்தால் நல்ல மண் கிடைக்கும். தொட்டியின் அடியில் துவாரம் அவசியம். வீட்டுச் செடிகளில் அநேகம் தாகத்தால் அல்ல, அளவுமீறிய தண்ணீரால் வேர் அழுகியே சாகின்றன. விரலை மண்ணில் ஓர் அங்குலம் இறக்கிப் பாருங்கள். ஈரமிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் இதை மறக்கலாகாது. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரைக் குறைந்தது வாரம் ஒருமுறை கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு நீரிலேயே முட்டையிடுகிறது.

பூவுக்கு இருளும் வேண்டும்

அந்தச் சகோதரியின் கலாஞ்சோ செடிகள் பச்சைப்பசேலென்று வளர்ந்தும், இரண்டு ஆண்டுகளாய்ப் பூக்கவேயில்லை. உரம் போதவில்லை என்று நினைத்திருந்தார். காரணம் வேறு. 1920-இல் கார்னர், ஆலார்டு என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். சில செடிகள் பகலின் நீளத்தைக் கணக்கிட்டே பூக்கின்றன என்பதே அது. அந்தக் கணக்கைச் செடி இரவின் நீளத்தைக் கொண்டே செய்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. கலாஞ்சோவும், கிறிஸ்துமஸ் காலத்தில் சிவக்கும் பாயின்செட்டியாவும் நீண்ட, தடையற்ற இரவு கிடைத்தால்தான் பூக்கும். நம்முடைய ஒற்றை அறை வீட்டிலோ பதினோரு மணி வரையில் டியூப் லைட் எரிகிறது. இன்னும் பகல் முடியவில்லை என்று செடி எண்ணிக்கொள்கிறது!

பரிகாரம் எளிது. மாலை 6 மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியால் செடியை மூடிக் காலை 8 மணிக்கு எடுத்துவிடுங்கள். பகலில் நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். கலாஞ்சோவுக்கு ஏறக்குறைய ஆறு வாரம் இப்படிச் செய்தால் மொட்டுகள் உருவாகும், அவை விரிய இன்னும் சில வாரங்கள் ஆகும். பாயின்செட்டியாவுக்கு எட்டு முதல் பத்து வாரம் தேவை. அக்டோபர் முதல் தேதியில் தொடங்கினால் கிறிஸ்துமஸுக்குச் சிவந்து நிற்கும்.

மண்டபம் எழும்பிய விதம்

அச்சகோதரியைக் கண்டு மற்றவர்களும் முன்வந்தார்கள். இருபத்திரண்டு வீடுகளிலிருந்து நாற்பத்தெட்டுத் தொட்டிகள் சேர்ந்தன. உங்கள் சபையிலும் செய்ய விரும்பினால் நாங்கள் கைக்கொண்ட ஒழுங்கு இதுவே.

ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஓர் எண் ஒட்டி, எந்த வீட்டுக்குரியது என்று நோட்டில் எழுதினோம். முந்தின நாள் காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டோம். அதனால் மேடைத் துணியில் ஈரம் சொட்டவில்லை. மேடையின் பின்வரிசையில் செங்கல் அடுக்கியும், நடுவரிசையில் முக்காலிகள் இட்டும், முன்வரிசையில் தரையிலுமாக மூன்று உயரங்களில் தொட்டிகளை வைத்தோம். வாளிகளும் செங்கற்களும் தெரியாதபடி வெள்ளை வேட்டிகளால் சுற்றினோம். ஒரே நிறப் பூக்களைச் சிதறவிடாமல் கூட்டங்கூட்டமாய் வைத்தால் தூரத்திலிருப்பவர்களுக்கும் நிறைவாய்த் தெரியும். மணமக்களின் முகத்தைச் செடிகள் மறைக்கலாகாது. வாசல்களையும் நடைபாதையையும் அடைக்கலாகாது. சூடான மேடை விளக்குக்கும் ஏ.சி. காற்றுக்கும் நேராகச் செடியை வைக்கலாகாது.

மணத்துக்காகச் சம்பங்கியும், இடைவெளி நிரப்பப் பச்சை இலைக்கொத்துகளும் மட்டும் தாதர் பூச்சந்தையில் வாங்கினோம். வெட்டுப்பூக்களின் தண்டைச் சாய்வாய் நறுக்கி, நீருக்குள் அமிழும் இலைகளைக் களைந்து, கழுவிய வாளியில் நிறுத்தினால் நெடுநேரம் வாடாது. அலங்காரக்காரர்கள் பயன்படுத்தும் பச்சை நிற நுரைக்கட்டியை நாங்கள் வாங்கவில்லை. 1954-இல் அமெரிக்காவில் அறிமுகமான அந்தக் கட்டி ஒருவகைப் பிளாஸ்டிக். அது நொறுங்கித் துகளாகுமேயன்றி மண்ணோடு மட்காது. அதற்குப் பதிலாகப் பாத்திரத்துக்குள் கோழிவலையைச் சுருட்டி வைத்துப் பூக்களைச் செருகினோம். அன்றியும், அலங்காரத்துக்கான தெர்மாகோலும், பலூன்களுக்கான பிளாஸ்டிக் குச்சிகளும், 100 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பேனர்களும் 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டவை என்பதை விழாக் குழுவினர் நினைவில் கொள்ளவேண்டும்.

மொத்தச் செலவு 4,200 ரூபாய். சம்பந்தி வீட்டார் என்ன நினைத்தார்கள் என்கிறீர்களா? மணமகனின் தாயார் மேடையருகே வந்து, “இந்தச் செடியில் ஒரு கிளை கிடைக்குமா?” என்று கேட்டார்.

திரும்பிப் போன தொட்டிகள்

எல்லாம் குறையின்றி முடிந்தது என்று சொல்லமாட்டேன். விளக்கின் சூட்டில் ஒரு பீஸ் லில்லி கருகியது. பிள்ளைகள் ஓடியபோது ஒரு தொட்டி சாய்ந்து உடைந்தது. அது அந்த விதவைச் சகோதரியினுடையது. மணமகளின் தகப்பனார் புதுத் தொட்டி வாங்கி, தம் கையாலேயே அந்தச் செடியை நட்டு, அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். நானும் உடன் சென்றேன். அவர் கணவரின் அடக்க ஆராதனைக்குப் பிறகு அந்த வாசற்படியை நான் மிதித்தது அன்றுதான். மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. தேநீர் கொடுத்துவிட்டு, “என் வீட்டுக்கும் ஆட்கள் வருகிறார்களே” என்று மட்டும் சொன்னார்.

அருமையான வாசகர்களே, அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு வந்த பூக்கள் மறுநாள் குப்பைக்குப் போயின. வளர்த்த பூக்களோ வீட்டுக்குத் திரும்பின, எங்களையும் ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றன. உங்கள் சபையில் அடுத்த விழா வருமுன்னே ஒரு கிளையை நட்டு வையுங்கள். ஆண்டு விழாவுக்கு இப்போது எங்கள் மேடையில் தொட்டிகளே நிற்கின்றன. நோட்டுப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது, விழா முடிந்தபின் தொட்டிகளை வீடு வீடாய்க் கொண்டுபோய்ச் சேர்ப்பது இனி என் வேலை.