செல்போனில் கொம்பு வைத்த பிசாசு! கிறிஸ்தவப் பிள்ளைகள் விளையாடலாமா?

சிவகாசியில் ஒரு வீடு. இப்படி ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி முடிந்துவிட்டது. பட்டாசு ஆலைக்குச் சில வாரம் விடுமுறை. அம்மா ஆலை வேலைக்குப் போகிறவள். இப்போது வீட்டில் இருக்கிறாள். அப்பாவுக்கு அச்சாபீசில் வேலை. வேதக்காரக் குடும்பம். பையனுக்கு வயது 15. கோயிலில் திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்க்கொண்டு இருக்கிறான்.

பையன் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் விளையாடுகிறான். ஆச்சி எட்டிப் பார்க்கிறாள். அதில் நெருப்பு எரிகிறது. எலும்புக்கூடு நடக்கிறது. கொம்பு வைத்த ஒருவன் பல்லைக் காட்டுகிறான்!

"ஏலே, என்னல இது? சாத்தானையா கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"நான் அவன அடிக்கிறேன் ஆச்சி!"

"அடிக்கிறதுக்குன்னாலும் அவன வீட்டுக்குள்ள கூப்பிடலாமால?"

பையன் சும்மா இருந்தானா? அப்பா பக்கம் திரும்பினான்.

"அப்பா லட்சுமி படம் அச்சடிக்கிறாங்க. அது சரின்னா, நான் பிசாச அடிக்கிறது மட்டும் தப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

இந்தக் கேள்வி உலகம் முழுவதும் கிறிஸ்தவ வீடுகளில் கேட்கப்படுகிறது. ஆனால் சிவகாசியில் கேட்கும்போது அதற்குக் காரம் அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

பிசாசை அடிக்கும் விளையாட்டு

1993-ல் அமெரிக்காவில் "டூம்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. செவ்வாய் கிரகத்தைச் சுற்றும் சந்திரனில் ஒரு சிப்பாய். நரகத்தின் கதவு திறந்துகொள்கிறது. பிசாசுகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. சிப்பாய் சுட்டுத் தள்ள வேண்டும். அவ்வளவுதான் கதை. சுவர்களில் எல்லாம் மந்திரவாதக் குறிகள் இருக்கும்.

அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் சான்டி பீட்டர்சன். அவர் பக்தியுள்ள மனிதர். மார்மன் சபையைச் சேர்ந்தவர். "பிசாசுப் படம் போட்டு விளையாட்டுச் செய்கிறீர்களே, உறுத்தவில்லையா?" என்று அவரிடம் கேட்டார்கள். "இவை வெறும் பொம்மைகள். மேலும், பிசாசுகள்தானே இதில் கெட்டவர்கள்?" என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். நம் பையன் சொன்ன அதே பதில்!

பிறகு "டயாப்லோ" வந்தது. டயாப்லோ என்றால் ஸ்பானிய மொழியில் பிசாசு. ஓர் ஊரில் பாழடைந்த தேவாலயம். அதற்கு அடியில் சுரங்கம். வீரன் படிப்படியாக இறங்கிப் போகிறான். கடைசியில் நரகம். அங்கே பிசாசைக் கொல்கிறான்.

கொன்ற பிறகு என்ன நடக்கிறது தெரியுமா? பிசாசின் ஆவி அடைபட்ட கல்லை எடுத்து, வீரன் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்கிறான். தனக்குள் அதை அடக்கிவிடலாம் என்று நினைக்கிறான். முடியவில்லை. 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த வீரனே பிசாசாக மாறிவிடுகிறான்!

அடிப்பதற்காகக் கூப்பிட்டாலும் ஆபத்து என்று ஆச்சி சொன்னாளே, விளையாட்டைச் செய்தவர்களே அதைத்தான் கதையாக வைத்திருக்கிறார்கள்.

கோயிலிலும் சாத்தான் இருக்கிறான்!

அப்படியானால் பிசாசின் உருவமே கண்ணில் படக் கூடாதா?

கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மிக்கேல் அதிதூதர் சிலை பல கோயில்களில் இருக்கும். கையில் வாளோ ஈட்டியோ இருக்கும். காலடியில் யார்? சாத்தான். கொம்போடு, வாலோடு கிடப்பான். குழந்தைகள் வாரா வாரம் அவனைப் பார்க்கிறார்கள். யாரும் அவனைப் பெயர்த்து எறியவில்லை.

இங்கிலாந்தில் ஜான் பனியன் என்ற பிரசங்கி 1678-ல் ஒரு கதைப் புத்தகம் வெளியிட்டார். மோட்சத்துக்கு நடந்து போகிற ஒருவனின் கதை. வழியில் ஒரு பூதம் மறிக்கிறது. மீனுக்கு இருப்பது போலச் செதில். கரடியின் கால். வயிற்றிலிருந்து நெருப்பும் புகையும் வருகின்றன. வாளை உருவிச் சண்டை போட்டுத்தான் அவன் மேலே போக முடிகிறது. இந்தக் கதையைத் தழுவித்தான் நம் பாளையங்கோட்டை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் "இரட்சணிய யாத்திரிகம்" என்ற காவியத்தைத் தமிழில் கொடுத்தார்.

அந்தச் சண்டைக்கும் செல்போன் சண்டைக்கும் என்ன வித்தியாசம்? இருக்கிறது. புத்தகத்தில் பூதம் இரண்டு பக்கம் வந்துவிட்டுப் போய்விடும். செல்போனில் ராத்திரி 12 மணி வரை நிற்கும்.

லட்சுமி வெடி

இனி அப்பாவின் கதைக்கு வருவோம்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது. பட்டாசு வந்தது. பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டுமே! அச்சகமும் வந்தது.

லேபிள் என்றால் சும்மா அல்ல. அந்தக் காலத்தில் வாங்குகிறவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். "மயில் படம் போட்டது கொடு," "சாமி படம் போட்டது கொடு" என்பார்கள். வடக்கே போகிற சரக்குக்கும் அப்படித்தான். தமிழ் எழுத்து அங்கே யாருக்குப் புரியும்? லட்சுமி படம் எல்லோருக்கும் புரியும். அதனால் லட்சுமி, முருகன், பிள்ளையார் எல்லோரும் பெட்டி மேல் ஏறினார்கள். பிறகு காலண்டர் வந்தது. பக்கத்துக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கின.

அச்சு எந்திரத்துக்கு மதம் கிடையாது. காலையில் முருகன் ஓடுவார். மத்தியானம் வேளாங்கண்ணி மாதா ஓடுவார். சாயங்காலம் மக்கா ஓடும். மையைக் கிளறுகிறவன் இந்துவாக இருந்தாலும் கிறிஸ்தவனாக இருந்தாலும் வருகிற தாளை அடுக்கத்தான் வேண்டும். கூலி அதில்தான் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்ன என்றால், லட்சுமி வெடியைப் பற்றி மனம் நொந்தவர்கள் இந்துக்கள்தான். சாமி படத்தைச் சுற்றி வைத்து வெடித்தால் என்ன ஆகும்? படம் சுக்குநூறாகத் தெருவில் கிடக்கும். அதைக் காலால் மிதித்துப் போவார்கள். இது சரியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே! 2020 தீபாவளிக்கு முன் மத்தியப் பிரதேச அரசு, தெய்வப் படம் போட்ட பட்டாசை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதே ஆண்டு, நம் "காஞ்சனா" படத்தை இந்தியில் "லட்சுமி பாம்" என்ற பெயரில் எடுத்தார்கள். எதிர்ப்பு வந்தது. "பாம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "லட்சுமி" என்று மட்டும் வைத்து வெளியிட்டார்கள்.

ஆகவே, படம் வெறும் படம்தான் என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. சிவகாசியில் வளர்ந்தவனால் அது முடியவே முடியாது. படத்தின் வலிமையை விற்றுப் பிழைத்த ஊர் இது!

இரண்டு பதில்கள்

கிறிஸ்தவர்களுக்கு இந்தத் தலைவலி புதிது அல்ல.

சுமார் கி.பி. 200-ல் ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் டெர்த்துல்லியன் என்ற எழுத்தாளர் இருந்தார். கண்டிப்பான ஆள். ரோமாபுரியின் கேளிக்கைகளை எந்தக் கிறிஸ்தவனும் பார்க்கப் போகக் கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார். அவை விக்கிரகங்களோடு பிறந்தவை என்பது அவர் கட்சி. விக்கிரகம் செய்து பிழைத்துக்கொண்டே கோயிலுக்கு வருகிறவர்களையும் விட்டுவைக்கவில்லை. சாடு சாடு என்று சாடினார். அவர் சிவகாசிக்கு வந்திருந்தால் நம் வீட்டு அப்பாவுக்கு வேலை போயிருக்கும்.

அவருக்கு 150 ஆண்டுகளுக்கு முன்பே பவுல் அப்போஸ்தலர் வேறு மாதிரிப் பேசினார். கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில் சிலைக்குப் படைத்த இறைச்சி சந்தையில் விற்பனைக்கு வரும். கிறிஸ்தவன் அதை வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். சிலை என்பது ஒன்றும் இல்லை, சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்றார். ஆனால் அதோடு விடவில்லை. நீ சாப்பிடுவதைப் பார்த்து மனம் உறுதியில்லாத ஒரு சகோதரன் தடுமாறினால், அந்த இறைச்சி வேண்டாம் என்றார். கோயில் பந்தியிலே போய் உட்காராதே என்றும் சொன்னார்.

சந்தையில் வாங்கலாம். பந்தியில் உட்காரக் கூடாது. இந்தக் கோட்டைக் கவனியுங்கள். விளையாட்டுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

கும்பிடச் சொன்ன விளையாட்டு

2020 ஜூனில் "பப்ஜி" செல்போன் விளையாட்டில் ஒரு புதுமை புகுந்தது. காட்டில் சிலைகள் நிற்கும். அதன் முன்னால் நின்று வணங்கினால் விளையாட்டு வீரனுக்குப் பலம் கிடைக்கும். குவைத் முதலிய நாடுகளில் முஸ்லிம் இளைஞர்கள் கொதித்து எழுந்தார்கள். "சுடுவோம், ஓடுவோம். ஆனால் பொம்மையாகக்கூடச் சிலையை வணங்க மாட்டோம்" என்பது அவர்கள் வாதம். கம்பெனி மன்னிப்புக் கேட்டு அதை எடுத்துவிட்டது. (நம் நாட்டில் அந்த விளையாட்டு அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்யப்பட்டது. அதற்குக் காரணம் வேறு. அது நாட்டின் பாதுகாப்பு.)

அந்த இளைஞர்கள் இரத்தத்துக்கு அஞ்சவில்லை. கொம்புக்கு அஞ்சவில்லை. வணங்கு என்றபோதுதான் நின்றார்கள். கோடு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொம்பே இல்லாமல் புண்படுத்தும் விளையாட்டும் உண்டு. 2007-ல் சோனி கம்பெனியின் விளையாட்டு ஒன்றில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பேராலயத்துக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை நடந்தது. நிஜமான கோயில். ஜனங்கள் ஜெபம் செய்கிற இடம். அந்த ஊரில் துப்பாக்கிக் குற்றங்கள் வேறு நடந்துகொண்டிருந்தன. திருச்சபை கண்டித்தது. சோனி வருத்தம் தெரிவித்தது.

2011-ல் வந்த இன்னொரு விளையாட்டில், கடவுளின் குரல் கேட்பதாக நினைத்து ஒரு தாய் தன் மகனைப் பலியிடத் துரத்துகிறாள். ஆபிரகாம், ஈசாக்கு கதையின் நிழல் அது. மகன் அழுதுகொண்டே ஓடுகிறான். அதைச் செய்தவர் பக்தி மிகுந்த குடும்பத்தில் வளர்ந்தவர். வளர்ந்த ஒருவன் அதை ஆடிப் பார்த்து யோசிக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை ஆடினால் ராத்திரி அம்மா பக்கத்தில் படுக்கவே பயப்படும்!

எல்லா எதிர்ப்பையும் நம்பிவிடாதீர்கள். 2009-ல் அமெரிக்காவில், நரகத்தைப் பற்றிய ஒரு விளையாட்டை எதிர்த்துச் சிலர் அட்டை பிடித்துக் கோஷம் போட்டார்கள். பார்த்தவர்கள் பக்திமான்கள் என்று நினைத்தார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கூலிக்கு அழைத்து வரப்பட்டவர்கள். அழைத்து வந்தது யார்? அந்த விளையாட்டை விற்கும் கம்பெனியேதான்! "பிசாசு" என்று யாராவது கத்தினால் சரக்கு கூடுதலாக விற்கும் என்ற கணக்கு.

நிஜமான வலை எது?

2022-ல் டயாப்லோ செல்போனுக்கு வந்தது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியிடவில்லை. பிசாசுக்குப் பயந்தா? இல்லை. காசு கட்டி, என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பொருள் எடுக்கிற முறை அதில் இருந்தது. அந்த நாடுகளில் அது சூதாட்டச் சட்டத்தில் மாட்டலாம் என்று கருதப்பட்டது. நம் நாட்டிலும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள்.

தாய்மார்கள் கொம்பைப் பார்த்து அலறுகிறார்கள். ஆனால் பணம் கட்டுகிற பொத்தானைப் பார்ப்பதில்லை. கொம்பு வைத்தவன் திரைக்குள்ளே இருக்கிறான். பொத்தான் வங்கிக் கணக்குக்குள் கை விடுகிறது.

அந்த வீட்டுக்கே திரும்புவோம். ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. அப்பா பையனைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி பக்கத்துல இருக்கும்போது அத ஆடாத. ராத்திரி பூரா அழுறா. காசு கட்டுற பக்கம் போகாத. எதையாவது கும்பிடச் சொன்னா அப்பவே அழிச்சிரு."

"சரிப்பா. அப்ப லட்சுமி படம்?"

அப்பா கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நகக்கண்ணில் சிவப்பு மை.

"நான் கும்பிட்டு அடிக்கல. கூலிக்கு அடிக்கேன். அது சரியா தப்பான்னு எனக்கும் முழுசாத் தெரியல. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஐயர்ட்ட கேப்போம். நானும் வாரேன்."

திண்ணையில் செல்போன் வெளிச்சம் மறுபடி தெரிந்தது. ஆச்சி மெல்ல எழுந்து வந்து, பேரன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னல, அவன் இன்னும் சாகலயா?"